‘மூடியாச்சு’ என்ற பிறகுதான் காலை எடுக்கணும்

வணக்கம். நான் சேந்தமங்கலம் பக்கம். இருபது வருடமாகக் கொல்லிமலைக்கு ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். போகும்போது மளிகைச் சாமான், சிமெண்டு, ஆடிப் பதினெட்டு சமயத்தில் பந்தல் சாமான். வரும்போது பலாப்பழம், வாழைத்தார், மிளகு மூட்டை. காரவள்ளியில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனையையும் லோடோடு திரும்ப இறங்கவும் வேண்டும். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் வண்டியைப் பற்றிப் பேசினால் மைலேஜ், பிக்கப் என்று பேசுவார்கள், நான் பிரேக்கைத்தான் பேசுவேன். வீட்டில் இதற்காகக் கேலியும் உண்டு.

ஒரு நாள் நாமக்கல்லில் சிக்னலில் நிற்கிறேன். பிரேக்கில் கால் இருக்கிறது. கால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமா இல்லையா? அது மெல்ல, லிஃப்ட் இறங்குகிற மாதிரி, கீழே போகிறது. எடுத்து மறுபடி மிதித்தால் சரியாக நிற்கிறது. பிடித்துக்கொண்டே இருந்தால் திரும்பவும் இறங்குகிறது. வீட்டுக்கு வந்து நான்கு சக்கரத்தையும் உள்பக்கம் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரம் இல்லை. பிரேக் ஆயில் தொட்டியில் அளவும் குறையவில்லை. ஆயில் போகவில்லை, ஆனால் பெடல் போகிறது. அப்படியென்றால் கோளாறு, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில்தான்.

ஏன் என்று சொல்கிறேன். படம் எதுவும் வேண்டாம், ஊசி போடுகிற சிரிஞ்ச் தெரியுமல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெடலை மிதித்தால் ஒரு பிஸ்டன் அந்தக் குழாய்க்குள் நகர்கிறது. முன்னால் இருக்கிற ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் அமுங்காத பொருள். அதனால் உங்கள் கால் கொடுத்த அழுத்தம் அப்படியே பைப் வழியாகப் போய்ச் சக்கரத்தில் இருக்கிற சின்னச் சிலிண்டர்களைத் தள்ளும். அடைத்து வைத்த திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று பாஸ்கல் கண்டு சொல்லி முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைக் காரில் கொண்டுவந்து வைத்தவர் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட். இவருடைய தம்பிதான் விமானக் கம்பெனி நடத்தியவர். 1921இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் பிரேக்கோடு வந்தது. நம் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதேதான்.

அந்தப் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வாஷர் இருக்கிறது. அது தேய்ந்தாலோ கிழிந்தாலோ, தள்ளப்படும் ஆயில் முன்னால் போகாமல் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். வெளியே ஒரு சொட்டு வராது. பெடல் மட்டும் இறங்கும். வீட்டில் இருக்கிறவர்கள் நாளைக்கே இதைச் செய்து பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, ஒரு நிமிடம் அப்படியே பிடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது, கால் அழுத்தத்துக்குத் துணை சேர்க்கிற பூஸ்டரின் வேலை, அதற்குப் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் பயப்படுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தொட்டியில் ஆயில் குறைகிறது, சக்கரம், பைப் எல்லாம் காய்ந்து கிடக்கிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் போய், ஆயில் அந்தப் பெரிய வட்டப் பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். சிலிண்டரைக் கழற்றினால்தான் தெரியும்.

சரி, என் வண்டியில் வாஷர் ஏன் கிழிந்தது? அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் மாற்றியிருந்தேன். மாற்றும்போது ஒரு பையன் பெடலைத் தரை வரைக்கும் குத்திக் குத்தி மிதித்தான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இதில் என்ன தப்பு என்றால், தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் பாதி தூரம்தான் போய் வரும். அந்தப் பாதி மழமழவென்று இருக்கும். மீதிப் பாதியில் பத்து வருடத் துருவும் அழுக்கும் உட்கார்ந்திருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் அந்தத் துருவின் மேல் ஏறி இறங்கும். பழைய வண்டியில் ஆயில் மாற்றும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை போட்டுக்கொள்ளுங்கள், முழுக்க இறங்காது. பத்து ரூபாய்க் கட்டை இல்லாமல் எனக்கு ஒரு சிலிண்டர் போனது.

கழற்றுவது பெரிய விஷயமில்லை. தொட்டியில் இருக்கிற ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். இரண்டு பைப் நட்டு, பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டு, ஒரு ஒயர். கவனம் பைப் நட்டில் வேண்டும். மென்மையான நட்டு அது. சாதாரண ஸ்பேனர் போட்டுத் திருகினால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். பைப் நுழைய ஒரு பக்கம் மட்டும் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் கிடைக்கும், அதைத்தான் போட வேண்டும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். அப்புறம், பிரேக் ஆயில் வண்டியின் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். பட்ட உடனே தண்ணீர் ஊற்றுங்கள், துணியால் மட்டும் துடைக்காதீர்கள். என் வண்டியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் இன்றும் வெறும் தகரமாக இருக்கிறது.

புதுச் சிலிண்டரை நேராக வண்டியில் மாட்டக்கூடாது. அதற்குள் காற்று இருக்கும். பக்கத்து மோட்டார் ரீவைண்டிங் கடையில் வைஸைக் கொஞ்ச நேரம் கேட்டு, அதில் பிடித்து, ஆயில் ஊற்றி, இரண்டு சின்ன ட்யூபைச் சிலிண்டரில் ஆயில் வெளியேறும் துளைகளில் மாட்டி மறுமுனையைத் தொட்டிக்குள்ளேயே விட்டேன். ஸ்குரூ டிரைவரால் பிஸ்டனை மெல்லத் தள்ளினால் சோடா மாதிரி குமிழ் வரும். மெல்லத் தள்ளணும், அவசரப்பட்டால் நுரையாகி இன்னும் கெடும். குமிழ் நின்ற பிறகுதான் வண்டிக்குக் கொண்டுபோனேன்.

காற்று என்றால் ஏன் இத்தனை பயம்? கிணற்று மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டால் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் வராது. பிரேக் லைனில் ஏர் இருந்தாலும் அதே கதை. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் மிதிப்பது காற்றை நசுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கால் பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டுக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் பின்னால் இடது சக்கரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறேன். நம் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், சிலிண்டரும் அங்கேதான், அதனால் ரொம்பத் தூரத்தில் இருப்பது பின் இடது. பெரும்பாலான வண்டியில் அங்கேதான் தொடங்குவார்கள். ஏரை வெளியே விடத் திறக்கிற நிப்பிளில் ஸ்பேனர், அதிலிருந்து ஒரு ட்யூப், ட்யூபின் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள். டிரைவர் சீட்டில் என் மனைவி. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த சீட்டில் உட்கார்ந்தார்.

“மிதி” என்றேன். மிதித்தார். “பிடிச்சுக்க” என்றேன். “பிடிச்சாச்சு” என்றார். நிப்பிளைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. திரும்பவும், “நல்லாப் பிடிச்சிருக்கியா?” “கெட்டியாத்தான் பிடிச்சிருக்கேன்.” எழுந்து போய்ப் பார்த்தால், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? பிடி என்றால் எதை என்று நான் சொல்லவில்லையே.

சரி, காலால் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இப்போது எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரப்பிள்ளைகள் கட்டிப் புரள்கிறார்கள். அந்தப் பாட்டி, “விடுடா! விடுடா அவனை!” என்று ஒரு கத்து. இங்கே என் மனைவி காலை விட்டுவிட்டார். என் நிப்பிள் திறந்தே இருக்கிறது. பெடல் மேலே வரும்போது உள்ளே உறிஞ்சும், அந்த நேரம் நிப்பிள் திறந்திருந்தால் வெளிக்காற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் எடுத்த ஏர் எல்லாம் ஒரே வினாடியில் திரும்ப உள்ளே.

அன்று மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து வார்த்தை பேசி வைத்துக்கொண்டோம். அவர் முதலில் “மிதிச்சிட்டேன்” என்பார். நான் “திறக்கிறேன்” என்பேன். பெடல் இறங்கியதும் அவர் “போயிருச்சு” என்பார், எடுக்கமாட்டார். நான் நிப்பிளை முடுக்கி “மூடியாச்சு” என்பேன். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் கால் மேலே வரும். விடு, பிடி, எடு எல்லாம் தெருவில் யார் வேண்டுமானாலும் கத்துகிற வார்த்தை. ‘மூடியாச்சு’ என்று எங்கள் தெருவில் யாரும் கத்துவதில்லை. இன்றைக்கும் நாங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினால்கூட அந்தச் சொல் வந்தால் சிரிப்போம்.

நடுநடுவே தொட்டியில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலியாகிவிட்டால் மேலிருந்து ஏர் இறங்கும், மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு செய்தும் பின்சக்கரத்தில் ஆயில் நூல் மாதிரிதான் வந்தது. இரண்டு நாள் போராடினேன். லாரி பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒரு பெரியவர் டீ குடிக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். வண்டி பின்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிற்கிறது. “இறக்கி வெச்சுட்டு எடுப்பா” என்றார், அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், நிறைய பிக்கப்பில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் கோத்த வால்வு ஒன்று இருக்கும். லோடு இருந்தால் பாடி கீழே அமுங்கும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு நிறைய அழுத்தம் விடும். லோடு இல்லையென்றால் குறைத்துவிடும், காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடாது என்பதற்காக. நான் ஜாக்கி ஏற்றியதில் பாடி மேலே, ஆக்சில் கீழே தொங்குகிறது. வண்டி காலியிலும் காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொண்டு வழியைச் சுருக்கிவிட்டது! சக்கரத்தை மாட்டி இறக்கி, பின்னால் எட்டு மூட்டை மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, தரையில் ஊர்ந்துபோய் எடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை, இரண்டு நாள் போனது அல்லவா.

அடுத்து ஆயில். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும். எஞ்சின் ஆயில் மாதிரி இல்லை இது. காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்று பாட்டிலில் போட்டிருந்தால், புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது கணக்கு. டாட் 4 என்றால் 230. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை, 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு அதே அளவு 140, 155 என்று இறங்கிவிடுகிறது. 70 வளைவும் பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் எப்படிச் சுடும் என்று தெரியும்தானே. உள்ளே ஆயில் கொதித்தால் ஆவி. ஆவியும் காற்று மாதிரிதான், அமுங்கும். கால் தரைக்குப் போகும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது சும்மா இல்லை. கொட்டகையில் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறதா? மூடியைத் திறந்து ஆறு மாதம் ஆச்சா? ஊற்றாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ டீசலோ ஒரு மூடிகூட வேண்டாம், ரப்பர் எல்லாம் ஊதிப்போய் நான்கு சக்கரமும் மாற்ற வேண்டியதாகிவிடும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சக்கரச் சிலிண்டர் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதி வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் உள்பக்கம் ஈரம் இருந்தால் அதுதான். ஆயில் குடித்த பிரேக் லைனிங்கைக் கழுவிக் காயவைத்துப் போடக்கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக்கூடாது, ஹாலோ பிளாக் கல் நொறுங்கிவிடும், ஸ்டாண்டுதான். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் ஏர் எடுக்கச் சில சமயம் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கும், அதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஆயில் மாற்றுகிற கடையில் கொடுங்கள். முடித்த பிறகு முதலில் வண்டி நின்ற நிலையிலேயே ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் வாசலில் நடை வேகத்தில், அதற்கப்புறம்தான் ரோடு.

ஒரு விரல் காட்டுகிறார்கள். ஆயில் தொட்டி மூடியை மறக்காமல் மூடிவிடுங்கள். வணக்கம்.