லோஜாக்: ஒளிஞ்சிருந்த பெட்டியும் நாலு கூட்டாளிகளும்

[திரையில்: இரவு, தெருவோரம் வரிசையாக நிற்கும் கார்கள்]

இந்த வரிசையில இருபது கார் நிக்குது. அதுல ஒண்ணுல மட்டும் ஒரு சின்னப் பெட்டி ஒளிஞ்சிருக்கு. எந்தக் கார்னு திருடனுக்குத் தெரியாது. ஸ்டிக்கர் கிடையாது, மினுக்குற விளக்கு கிடையாது. வண்டிக்குள்ள அது எங்க இருக்குன்னு சொந்தக்காரருக்கே சொல்ல மாட்டாங்க.

பெட்டியோட பேர் லோஜாக். வண்டியைக் கடத்துறது 'ஹைஜாக்'னா, அதுக்கு எதிர் 'லோஜாக்'. பேர் வச்ச ஆளுக்குக் கொஞ்சம் குறும்பு இருந்திருக்கு.

அந்த ஆள் வில்லியம் ரீகன். அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் மாநிலத்துல, மெட்ஃபீல்டுங்கிற சின்ன ஊர்ல போலீஸ் கமிஷனரா இருந்தவர். 1979-ல காப்புரிமை வாங்கிட்டார். ஆனா சேவை தொடங்கினது 1986-ல. பெட்டி மட்டும் இருந்தா போதாதுங்கிறது அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தாலே புரிஞ்சிடும்.

[திரையில்: கார், ரேடியோ கோபுரம், போலீஸ் கார் – மூன்றையும் இணைக்கும் கோடு]

லோஜாக் வந்த காலத்துக்குப் போவோம். கார் காணாமப் போச்சு. சொந்தக்காரர் ஸ்டேஷன்ல புகார் கொடுக்கிறார். வண்டியோட அடையாள எண் போலீஸ் கம்ப்யூட்டர்ல ஏறுது. அந்த எண் லோஜாக் பட்டியல்ல இருந்தா, போலீஸ் ரேடியோ கோபுரம் ஒரு சிக்னல் அனுப்பும். தூங்கிக்கிட்டு இருந்த பெட்டி முழிச்சு, 173.075 மெகாஹெர்ட்ஸ்ல பதில் கொடுக்க ஆரம்பிக்கும். ரோந்து போற போலீஸ் கார் கூரையில நாலு குட்டி ஆன்டெனா. சிக்னல் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு அது காட்டும், அந்தத் திசையில வண்டியை விட வேண்டியதுதான்.

இதுல ஜி.பி.எஸ். எங்கேயுமே இல்லை, கவனிச்சீங்களா? ஜி.பி.எஸ். முழுசா இயங்க ஆரம்பிச்சதே 1995-லதான்.

ஆக, முதல் கூட்டாளி போலீஸ். அவங்க சேரலைன்னா பெட்டி வெறும் டப்பா. அதனால கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, தேடுற கருவியைப் போலீஸுக்கு இலவசமா கொடுத்துச்சு. போலீஸுக்குக் கைச்செலவு இல்லை, திருடன் கையும் களவுமா மாட்டுறான். பல நேரம் ஒரு காரைத் தேடிப் போனா, திருட்டு வண்டிகளைப் பிரிச்சு பார்ட்ஸ் விக்கிற பட்டறையே சிக்கும். அலைவரிசையை ஒதுக்கிக் கொடுத்தது எஃப்.சி.சி., அதாவது அமெரிக்காவோட தகவல் தொடர்பு ஆணையம். ரெண்டாவது கூட்டாளி அரசாங்கம்னு வச்சுக்கோங்க.

மூணாவது, கார் டீலர்கள். புதுக் கார் வாங்கி, கையெழுத்துப் போடுற மேஜையில, 'இதையும் சேர்த்துப் போட்டுடலாமா?'ன்னு கேட்கிறவங்க. 1990-கள்ல ஏறக்குறைய 600 டாலர். கார் விலையோட பார்க்கும்போது சுண்டைக்காய்தானேன்னு மனசு சொல்லும். கூட்டணியில பணம் உள்ள வர்ற வாசல் இதுதான்.

நாலாவது கூட்டாளி இன்ஷூரன்ஸ். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு.

ஸ்டீயரிங்ல பெரிய இரும்புப் பூட்டு போட்டா என்ன ஆகும்? திருடன் பார்ப்பான், அடுத்த காருக்குப் போவான். உங்க வண்டி தப்பிச்சுது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி போச்சு. லோஜாக் அப்படி இல்லை. எந்தக் கார்ல இருக்குன்னு தெரியாததால எல்லாக் காரையும் பார்த்துப் பயப்படணும். ஊர்ல கொஞ்சம் பேர் பெட்டி மாட்டினாலே போதும், பெட்டி மாட்டாதவனுக்கும் பாதுகாப்பு.

இயன் ஏர்ஸ், ஸ்டீவன் லெவிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1998-ல இதைக் கணக்குப் போட்டாங்க. பெட்டி மாட்டினவருக்குக் கிடைக்கிறது மொத்தப் பலன்ல பத்து சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் ஊருக்கு. நெல்லுக்கு இறைச்ச நீர் புல்லுக்கும் பொசியும்னு கேட்டிருக்கோம். இங்க புல்லுக்குப் போனதுதான் அதிகம்!

அப்போ காசு கொடுத்து மாட்டுறவர் ஏமாளியா? அந்தக் கேள்வி வராம இருக்கத்தான் இன்ஷூரன்ஸ் தள்ளுபடி. பிரீமியத்துல கொஞ்சம் குறைஞ்சா, ஊருக்குப் போற பலன்ல ஒரு பங்காவது அவருக்குத் திரும்பி வருது.

[திரையில்: 1996, டெட்ராய்ட்]

இவ்வளவு இறுக்கமான கூட்டணியை எது அசைச்சுது? வேற ஒரு கூட்டணி. 1996-ல ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கின ஆன்ஸ்டார். கார் கம்பெனி ஒரு பக்கம், செல்போன் நெட்வொர்க் இன்னொரு பக்கம், நடுவுல ஜி.பி.எஸ். தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்துடும். இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க ரோந்து கார் கூரையில ஆன்டெனா எதுக்கு? கால் சென்டர்ல இருந்து போலீஸுக்கு ஒரு போன் போதும். 2009 மாடல்கள்ல, திருடு போன வண்டியைத் தூரத்துல இருந்தே வேகம் குறைக்கிற வசதியும் வந்துடுச்சு.

லோஜாக் வருஷக்கணக்கா ஊர் ஊரா போய்ச் சேர்த்து வச்ச போலீஸ் உறவை ஆன்ஸ்டார் பறிச்சுக்கலை. தேவையில்லாம ஆக்கிடுச்சு. அது இன்னும் கொடுமை.

2016-ல கால்ஆம்ப்ங்கிற கம்பெனி லோஜாக்கை 13 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. 2021-ல அமெரிக்கத் தொழிலோட ஒரு பகுதியை மட்டும் ஸ்பைரியான்ங்கிற கம்பெனிக்கு வித்தாங்க. எந்தப் பகுதி தெரியுமா? கார் டீலர்கள் வழியா விக்கிற பகுதி. அந்தக் கையெழுத்து மேஜைக்கு அப்பவும் விலை இருந்துச்சு.