சுழலும் மோதிரம்: ஒட்டாமல் காப்பாற்றும் வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

நகை வேலை பழக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சேர்ப்பதைத்தான். இரண்டு முனைகளை இணைத்தால் இணைப்பு தெரியக் கூடாது. கல் பதித்தால் அது ஆடக் கூடாது. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பட்டறையில் திட்டு விழும். ஆனால் அசையும் உறுப்புள்ள மோதிரம் செய்யத் தொடங்கினால் அந்தப் பாடத்தில் பாதியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு வெள்ளி வளையங்களை, நெருப்பும் சுத்தியலும் படும் வேலைக்கு நடுவே, கடைசி வரை ஒட்டாமல் காப்பாற்ற வேண்டும். வெள்ளி வேலை செய்கிறவன், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இன்று அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இது நேற்று வந்த மோகம் அல்ல. ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர்கள் திரும்பும் மோதிரம் அணிந்தார்கள். வண்டு வடிவில் செதுக்கிய சிறு கல்லுக்கு நீளவாக்கில் துளையிட்டு, அதில் கம்பியைக் கோத்து, கம்பியின் இரு முனைகளையும் மோதிர வளையத்தின் நுனிகளில் சுற்றிவிடுவார்கள். மேலே வண்டு, தட்டையான அடிப்பக்கத்தில் பெயரோ சின்னமோ இருக்கும். முத்திரை இட வேண்டுமானால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், அடிப்பக்கம் மேலே வந்துவிடும். அசையும் இடத்தில் கம்பியைச் சுற்றியதோடு வேலை முடிந்தது, அங்கே நெருப்புக்கு இடமே இல்லை. ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலையும் இல்லை. கெட்டிக்காரர்கள்!

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில், பிரித்தால் இரண்டாகவும் சேர்த்தால் ஒன்றாகவும் இருக்கும் இரட்டை மோதிரங்கள் திருமண உறுதிக்கு வழங்கின. அதே காலத்து ஜெர்மானிய மோதிரங்கள் சில, விரலிலிருந்து கழற்றி விரித்தால் வானியல் கோளமாக, அதாவது வான்வட்டங்களைக் காட்டும் வளையங்களின் கோளமாக, நிற்கும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்டவற்றைப் பார்க்கலாம். அவை தேர்ந்த கைகளின் வேலை. பழகுகிறவர் அங்கிருந்து தொடங்க வேண்டாம். அகலமான உள்வளையம் ஒன்று, அதன்மேல் தடையின்றிச் சுற்றும் குறுகலான வெளிவளையம் ஒன்று: இந்தச் சுழல் மோதிரமே சரியான முதல் பாடம்.

தகட்டை வெட்டுவதற்கு முன் கணக்கு. எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். தகட்டை வளைக்கும்போது உட்புறம் இறுகும், வெளிப்புறம் நீளும், நடுப்பகுதி மட்டும் மாறாது. ஆகவே வெட்ட வேண்டிய நீளம் என்பது உள்விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14ஆல் பெருக்கி வருவது. விரலுக்கு 18 மில்லிமீட்டர் உள்விட்டம், தகடு 1 மில்லிமீட்டர் கனம் என்றால் 19ஐப் பெருக்குங்கள், ஏறக்குறைய 59.7 மில்லிமீட்டர் வரும். இந்த உள்வளையத்தின் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர். வெளிவளையத்தின் உள்விட்டத்தையும் 20 என்று வைத்தால் அது நுழையவே நுழையாது. 21 என்று வைத்தால் மோதிரம் கலகலவென்று ஆடி மலிவான பொருள் போலத் தோன்றும். நான் 20.4 வைக்கச் சொல்வேன். சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர், அதாவது சாதாரணத் தாள் இரண்டு செருகுகிற அளவு இடைவெளி. இந்த மோதிரத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது வெள்ளி அல்ல, அந்த இடைவெளிதான் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அடுத்து நெருப்பு. 92.5 வெள்ளி, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் கலந்தது, 800 டிகிரி செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். இணைப்புக்குப் பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் பொடி, அதாவது பற்றவைக்கும் உலோகக் கலவை, 700 முதல் 750 டிகிரிக்குள் உருகி ஓடும். நடுவே இருப்பது சில பத்து டிகிரிகள்தான், அதற்குள் கையை எடுக்க வேண்டும். வெப்பமானி தேவையில்லை, கண் போதும். பொடி ஓட உதவுவதற்காக இணைப்பில் பூசிய வெங்காரம் முதலில் வெள்ளையாகப் பொங்கும், பிறகு அடங்கிக் கண்ணாடி போல ஆகும். அந்தக் கணத்தில் பொடி பளிச்சென்று ஒரு கோடாக ஓடும். பொடி எப்போதும் சூடு அதிகமுள்ள பக்கம்தான் ஓடும், ஆகவே சுடரை இணைப்பின்மேல் மட்டும் காட்டாமல் வளையம் முழுவதையும் சூடாக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் வெள்ளியின் நிறம் மாறுவது நன்றாகத் தெரியும். இரண்டு வளையங்களையும் தனித்தனியாக, ஒன்றையொன்று பாராமல், இப்படி முடிக்க வேண்டும்.

பிறகு அமிலத்தில் இட்டோ, பழைய முறைப்படி புளிக் கரைசலில் போட்டோ அழுக்கு எடுக்கிறோம். அமிலத்துக்குள் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள். கரைசலில் கலந்திருக்கும் செம்பு வெள்ளியின்மேல் படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். அடுத்தது அரம், உப்புத்தாள், மெருகு. உள்வளையத்தின் வெளிப்பக்கத்தைக் கண்ணாடி போலத் தேய்த்துவிட வேண்டும், ஏனெனில் வெளிவளையம் ஓடப்போகும் தடம் அதுதான். சேர்த்த பின் அங்கே அரம் போகாது, உப்புத்தாளும் போகாது. அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம் இதுவே.

இப்போது வெளிவளையத்தை உள்வளையத்தின்மேல் மாட்டி, உள்வளையத்தின் விளிம்புகளை விரிக்க வேண்டும். அதற்கு எஃகில் செய்த குண்டு முனைகள் இருக்கின்றன. கீழே ஒரு குண்டு, மேலே ஒரு குண்டு, நடுவில் மோதிரம். மெதுவாகத் தட்ட வேண்டும், திருப்பிப் போட்டு மறுபக்கமும் தட்ட வேண்டும். ஒரே பக்கம் தட்டிக்கொண்டிருந்தால் மோதிரம் புனல் ஆகிவிடும். விளிம்புகள் பூ மலர்வது போல வெளியே விரிந்து, வெளிவளையம் நழுவாதபடி காவல் நிற்கும். உள்வளையம் 10 மில்லிமீட்டர் அகலமும் வெளிவளையம் 6 மில்லிமீட்டர் அகலமும் இருந்தால் இரண்டு பக்கமும் விரிவதற்கு இடம் கிடைக்கும்.

தட்டத் தட்ட வெள்ளி இறுகும். இறுகிய வெள்ளியைத் தொடர்ந்து தட்டினால் வெடிக்கும். அதனால் விரிப்பதற்கு முன்பே, மெருகுக்கும் முன்பே, உள்வளையத்தை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி மென்மையாக்கிவிட வேண்டும். இணைப்பு சுமாராக இருந்தால் இந்தக் கட்டத்தில் வாய் பிளந்து காட்டிக்கொடுக்கும்.

விளிம்பை விரிக்காமல், மேலும் இரண்டு கம்பி வளையங்களை இரண்டு ஓரத்திலும் பற்றவைக்கிற முறையும் உண்டு. அதில் பொடி வெளிவளையத்துக்குள் ஓடிவிட்டால் சுழல் மோதிரம் சுழலாத மோதிரம்தான். தடுப்பதற்குக் காவி மண்ணைத் தண்ணீரில் குழைத்து, அசைய வேண்டிய இடங்களில் பூசுவார்கள். காவி பூசிய இடத்தில் பொடி ஏறாது. எழுத்துப் பிழை திருத்தும் வெள்ளை மையைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். சுடும்போது அதன் புகை நல்லதல்ல, நான் அனுமதிப்பதில்லை. மேலும், இந்த முறையில் சேர்த்த பிறகு அமிலத்தில் போட வேண்டியிருக்கிறது. இடைவெளிக்குள் புகுந்த அமிலத்தை முழுவதும் வெளியேற்ற சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைக்க வேண்டும். எனக்கு விரிக்கும் முறைதான் பிடிக்கும்.

செய்து வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. சாதாரண மோதிரம் இறுகினால் வெட்டி ஒரு துண்டு சேர்த்துப் பெரிதாக்கிவிடலாம். சுழல் மோதிரத்தை வெட்டித் திரும்ப நெருப்பில் காட்டினால், இவ்வளவு நேரம் பிரித்துவைத்த இரண்டும் சேர்ந்துகொள்ளக்கூடும். அகலமான வளையம் குறுகலானதைவிட விரலை இறுக்கிப் பிடிக்கும் என்பதால் வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே கேளுங்கள். குளிர்ந்த காலை நேரத்தில் விரல் மெலிந்திருக்கும், வேலை முடிந்த மாலையில் சற்றே பருத்திருக்கும். அளவு கொடுக்க மாலையில் போங்கள், எந்த விரலில் அணியப்போகிறீர்களோ அதே விரலைக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.