டன்டோவ் கேம் என்று சொல்லி விற்றார்கள். என் 265க்குப் பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே. மேசையில் இருப்பது ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினுக்கான ஒரு பழைய கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு. மிச்சிகனில் ஒரு பழைய பாகச் சந்தையில் வாங்கினேன். பெட்டியில் 3736097 என்று எழுதியிருக்கிறது. இதைத்தான் எல்லோரும் "ஜீரோ நைன் செவன்" என்பார்கள், டன்டோவ் கேம் என்பதும் இதுதான். கொர்வெட் காரோடு பேர் சேர்ந்துபோன ஸோரா ஆர்கஸ்-டன்டோவ், 1956 தொடக்கத்தில் டேடோனா கடற்கரையில் மணிக்கு 150 மைலைத் தாண்டி ஓட்டிக் காட்டினாரே, அவர் பேரில் வழங்கும் கேம். என்னிடம் இருப்பது 1956 மாடல் 265 கன அங்குல எஞ்சின் பிளாக். இது அதில் போகுமா?

போகும். அதுதான் சிக்கலே. 1955இல் வந்த 265, அப்புறம் 283, 327, 350 எல்லாவற்றிலும் கேம் ஜர்னலின் (பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி) விட்டம் 1.868 அங்குலம்தான். ஐந்து ஜர்னல், முன்னால் மூன்று போல்ட், ஒரு டவல் பின். நுழைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். "ஸ்மால் பிளாக் கேம் எதுவானாலும் எதற்கும் ஆகும்" என்று சொல்கிறவர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். கடைசி ஜர்னலைப் பாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் கியருக்குப் பின்னால் இருக்கிறது. வழுவழுவென்று இருக்கிறதா? நகத்தை வைத்து இழுத்தாலும் எங்கும் தடுக்கவில்லை. 1955, 56 பிளாக்குகளில் இந்த இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டு வருட பிளாக்குகளில் லிஃப்டர்களுக்கு (கேம் மேல் உட்கார்ந்து மேலும் கீழும் அசையும் உருளைகள்) போகும் ஆயில் இந்தப் பின் ஜர்னலைச் சுற்றித்தான் கடந்து போகிறது. பள்ளம் இல்லாவிட்டால் வழி அடைபட்டுவிடும். லிஃப்டர் காயும், புஷ் ராட் வழியாக மேலே ஏற வேண்டிய ஆயில் ஏறாது, வால்வைத் தள்ளும் ராக்கர் ஆர்ம் வறண்டு கத்த ஆரம்பிக்கும். 1957இலிருந்து பிளாக்கிலேயே அந்த வழியை மாற்றி அமைத்துவிட்டார்கள், அதனால் பிறகு வந்த கேம்களுக்குப் பள்ளம் தேவைப்படவில்லை.

இப்போது எண்ணுக்கு வருவோம். டன்டோவ் கேம் 1956இல் 265க்கும் வந்தது, பிறகு 283, 327 வரைக்கும் தொடர்ந்தது. ஆக, பேர் ஒன்றே என்றாலும் ஷாஃப்ட் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொன்று: லோப்களுக்கு (ஷாஃப்டில் புடைத்து நிற்கும் முட்டை வடிவ மேடுகள்) நடுவே உயர்ந்து நிற்கும் எண் வார்ப்பு எண், பாக எண் அல்ல. பெட்டியில் இருப்பதும் ஷாஃப்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெட்டியை நம்பியும் வாங்காதீர்கள். அறுபது வருடத்தில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் எத்தனை ஷாஃப்ட் மாறியிருக்கும்!

அப்படியானால் இது 097தானா என்று எப்படித் தெரியும்? அளக்க வேண்டும். மைக்ரோமீட்டரால் லோபின் நெட்டையான பக்கத்தை அளந்து, குறுக்கு அளவைக் கழித்துப் பார்ப்பது சாதாரண வழி. சாந்தமான கேமுக்கு அது போதும். ரேஸ் கேமில் ஏமாற்றும், ஏனென்றால் லோப் அகலமாக எழும்புவதால் குறுக்கே அளக்கும்போது சரிவின் ஓரமும் சேர்ந்துகொள்ளும், லிஃப்ட் குறைவாகக் காட்டும். அதனால் வீ பிளாக்கில் (வீ வடிவப் பள்ளமுள்ள தாங்கி) ஷாஃப்டை வைத்து, டயல் கேஜை லோப் மேல் நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறேன். இதோ பாருங்கள், முள் ஏறுகிறது... இன்டேக் 0.262க்குக் கொஞ்சம் மேலே. எக்ஸாஸ்ட் 0.266. ராக்கர் விகிதம் 1.5 என்பதால் பெருக்கினால் வால்வு லிஃப்ட் ஏறக்குறைய 0.394, 0.400 அங்குலம். 097க்கு உள்ள கணக்கு இதுதான். 1964இல் வந்த 30-30 என்ற இன்னொரு ஷெவர்லே கேமாக இருந்தால் லோபில் மட்டுமே 0.323 வந்திருக்கும், குழம்பவே முடியாது. ஆக, விற்றவர் பொய் சொல்லவில்லை. அசலா, பிற்காலத்தில் அதே அளவில் அரைத்ததா என்பதை இந்த முள் சொல்லாது.

அடி வட்டத்தையும் (லோபில் மேடு எழாத வட்டப் பகுதி) அளந்துவிடுங்கள். பழைய கேமை மறுபடி அரைத்திருந்தால் அடி வட்டம் சிறுத்திருக்கும், புஷ் ராட் நீளம் மாற்ற வேண்டியிருக்கும். என்னுடையதில் பதினாறு லோப்களும் ஒரே மாதிரி இருக்கின்றன, குழி விழவில்லை, நுனி உருண்டு போகவில்லை. ஃபியூல் பம்ப் லோபும் நன்றாக இருக்கிறது.

லிஃப்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இது சாலிட் லிஃப்டர் கேம், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் போடக் கூடாது. பழைய ஷாஃப்டோடு பழைய லிஃப்டர்களும் கிடைத்தால், எந்த லிஃப்டர் எந்த லோபில் ஓடியது என்று தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். எனக்குக் கிடைத்தவை ஒரு டப்பாவில் கலந்து கிடந்தன, நேரே பழைய இரும்புக்குப் போய்விட்டன. புது லிஃப்டர் போட்டு, துத்தநாகம் நிறைய உள்ள ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லில் விடாமல் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும்.

சரி, என் முடிவு என்ன? இந்த ஷாஃப்டை இப்படியே 265இல் போடப் போவதில்லை. பின் ஜர்னலில் பள்ளம் வெட்ட முடியும், பல பேர் செய்கிறார்கள், ஒரு மெஷின் ஷாப்பில் விலை கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் தொகை நியாயமாக இருந்தால் வெட்டுவேன். இல்லையென்றால் ஷெட்டில் ஒரு 283 சும்மா கிடக்கிறது, அதற்குப் போகட்டும். உங்கள் பிளாக் எந்த வருடத்தது என்று தெரியாவிட்டால் பின்பக்கம் பெல் ஹவுசிங் சேரும் இடத்தில் வார்ப்பு எண் இருக்கும், கேம் தேடுவதற்கு முன்னால் அதைத் துடைத்துப் பாருங்கள்.