புகையிலைப் பூ வாசனை

நேயர்களுக்கு வணக்கம். புகையிலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நிலையத்தில் கொஞ்சம் யோசித்தார்கள். பயப்பட வேண்டாம், நான் பேச வந்தது பூவைப் பற்றி.

புகையிலை பூக்குமா? பூக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கெல்லாம் அது பங்காளி. ஆனால் திண்டுக்கல், வேதாரண்யம் பக்கம் விவசாயி அதைப் பூக்க விடமாட்டார். இலை தடிக்க வேண்டுமே, நுனியைக் கிள்ளிப் போட்டுவிடுவார். அதன் உறவுக்காரச் செடி ஒன்றைத் தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கிறார்கள். நீளக் குழல் வைத்த வெள்ளைப் பூ. சாயங்காலம்தான் விரியும், அந்துப்பூச்சியை அழைக்க. மல்லிகைச் சாயலில் மணக்கும். புகையிலைப் பூ வாசனை என்று விற்கும் சென்ட் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பூவிலிருந்து எடுத்ததல்ல, அதன் சாயலில் சேர்த்துக் கட்டியது.

அப்படி ஒரு பாட்டிலைத் திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் பார்த்தேன். மே மாதம், வேர்த்து ஊற்றுகிறது. கடைக்காரர் காகிதத்தில் நனைத்து நீட்டினார். "வேண்டாம் பாய், கையில போடுங்க" என்றேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு. முகர்ந்தால் ஆரஞ்சுத் தோலும் இருமல் மருந்தும் கலந்த மாதிரி இருந்தது. விலையைக் கேட்டதும் அதுவே சாக்காகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

பறக்கும் ரயில் ஏறினேன். மந்தைவெளி வருவதற்குள் அந்த ஆரஞ்சு போயே போய்விட்டது. லேசானது முதலில் பறக்கும், அதுவும் நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். கோட்டூர்புரம் தாண்டும்போது கம்பியைப் பிடித்திருந்த கையிலிருந்து ஒரு பூ வாசனை. பக்கத்தில் யாரோ மல்லிகை வைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பெட்டியில் எல்லாம் கல்லூரிப் பையன்கள்!

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பாரை ஊற்ற வந்த மனைவி, "என்னங்க, வெத்தலை போட்டீங்களா?" என்றாள். முகர்ந்தேன். எங்கள் அப்பாயியின் சுருக்குப்பை! வெற்றிலை, சீவல், பன்னீர்ப் புகையிலை, மடித்துவைத்த பத்து ரூபாய் எல்லாம் சேர்ந்து வெதுவெதுப்பாக ஒரு வாசனை வருமே, அதேதான். இந்தக் காய்ந்த இலை வாசனைக்குக் கூமரின் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். 1868-லேயே பெர்கின் என்ற வேதியியலாளர் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார். மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் கடைசிவரை தங்கும்.

மறுநாளே போய் அந்த பாட்டிலை வாங்கினேன். அதனால்தான் சொல்கிறேன், கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். காகிதத்துக்கு உடம்புச் சூடு ஏது, எண்ணெய்ப் பசை ஏது? ஒரே சென்ட் உங்கள் கையில் ஒரு மாதிரி, என் கையில் வேறு மாதிரி இருக்கும். திரும்பவும் சொல்கிறேன், வீட்டுக்குப் போங்கள்.

வறண்ட தோலில் எப்படித் தங்கவைப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: வாசனையில்லாத வாசலினைத் துளி தடவி அதன்மேல் போடுங்கள். பட்டுப்புடவையில் நேராக அடிக்காதீர்கள், கறை விழும். பாட்டிலை வெயில் படாமல் பீரோவில் வையுங்கள். அத்தரைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.