கச்சான் விழாத மாலை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால், இளைஞர்களுக்கு விளையாட்டு ஏன் அவசியம் என்று பேசுவேன் என்று எதிர்பார்த்துத்தான் நிலையத்தார் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அதை இன்னொரு நாள் பார்ப்போம். இன்றைக்கு விளையாடுகிறவர்களை விட்டுவிடுகிறேன். தோற்ற மட்ச் முடிந்த பிறகு, அதையே மூன்று கிழமைக்கு வாயால் விளையாடுகிறார்களே, அந்த ஆட்களைப் பற்றித்தான் என் பேச்சு.

2022 டிசம்பர் 9ஆம் திகதி ஞாபகம் இருக்கிறதா? மாண்டஸ் புயல் வங்கக் கடலில் கிடந்த நாட்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு குளிரை நான் கண்டதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மேய்ச்சல் தரைகளில் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. அந்த இரவில்தான் கட்டாரில் பிரேசிலுக்கும் குரோஷியாவுக்கும் உலகக் கிண்ண உதைபந்தாட்டக் காலிறுதி. நம் நேரம் எட்டரைக்குத் தொடங்கியது. மின்வெட்டுக் காலம் வேறு. எங்கள் ஊரில் ஒரு வீட்டு விறாந்தையில், தலையில் துவாய் கட்டிக்கொண்டு, போர்வைக்குள் இருவர் மூவராக இருந்து பார்த்தோம். பெரும்பாலும் பிரேசில் கூட்டம். குரோஷியாவுக்கு ஒரே ஒருவர் இருந்தார். அவருக்குக் குரோஷியா எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. மச்சான்காரன் பிரேசில் பக்கம் என்பதற்காக எதிர்ப்பக்கம் நின்றவர்.

மட்ச் நடந்த விதம் பலருக்குத் தெரியும். தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. மேலதிக நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் நெய்மர் கோல் காப்பாளரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தார். பிரேசிலுக்காக அவர் அடித்த 77ஆவது கோல் அது. பெலேயின் கணக்கைத் தொட்ட கோல். விறாந்தையில் இருந்தவர்கள் குளிரை மறந்து முற்றத்துக்கு ஓடினார்கள். மறுகா 117ஆவது நிமிடம். குரோஷியாவின் ஓர்சிச் இடது பக்கத்தால் கொண்டுபோய்க் கொடுத்த பந்தை பெட்கோவிச் அடிக்க, அது பிரேசிலின் மார்கினியோசின் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. 120 நிமிடத்திலும் குரோஷியா கோலுக்கு நேராக அடித்த அடி அது ஒன்றுதான். பெனால்டியில் 4-2 என்று குரோஷியா வென்றது. ரொட்ரிகோவின் அடியை குரோஷியக் காப்பாளர் லிவகோவிச் தடுத்தார். மார்கினியோசின் அடி கம்பத்தில் பட்டது. நெய்மர் அடிக்கவே இல்லை.

அடுத்த நாள் காலையில் சலூனுக்குப் போனேன். தலைமயிர் வெட்டத்தான். ஆனால் கதிரை கிடைக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. வெட்டுகிறவர் ஒரு கையில் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்தபடி, நெய்மரை ஐந்தாவது ஆளாக நிறுத்திய பயிற்றுவிப்பாளர் டிட்டேயைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது அடியில்தான் நெருக்கடி கூட, அதற்காகத்தான் நெய்மரை வைத்திருந்தேன் என்பது டிட்டே சொன்ன விளக்கம். "ஐஞ்சாவது அடி வந்தாத்தானே மனே!" என்றார் வெட்டுகிறவர். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஓட்டோக்காரத் தம்பி வேறு கட்சி. ஒரு கோல் முன்னால் நிற்கும்போது, மூன்று நிமிடம் கிடக்கும்போது, பின்னுக்கு ஆளில்லாமல் ஏன் முன்னுக்கு ஏறினார்கள் என்பது அவர் கேள்வி. காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அமைதியாகச் சொன்னார், "கீப்பர் பதினொரு பந்தப் புடிச்சிரிக்கான். அவன ஏன் ஒருத்தரும் பேசல்ல?" அதுதான் அன்று அங்கே பேசப்பட்ட மிகப் புத்தியான பேச்சு. ஆனால் அது எடுபடவில்லை. நம் அணி தோற்றால் நம் ஆள் ஒருவன் பிழை விட்டிருக்க வேண்டும். மற்றவன் நன்றாக ஆடினான் என்று சொன்னால் சலூனில் எடுபடாது.

இத்தனை வருடமாக இப்படியான கதைகளைக் கேட்டதில் ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஒருவர் இளமையில் எந்த இடத்தில் ஆடியவர் என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை. அவர் யாரைக் குற்றம் சொல்கிறார் என்று பாருங்கள். அவர் ஆடிய இடம் மட்டும் அந்தப் பட்டியலில் இராது. முன்வரிசையில் ஓடியவருக்குப் பின்வரிசை பிழை. பின்வரிசைக்காரருக்கு நடுவில் நின்றவன் பிழை. ஒரு நாளும் பந்தைத் தொடாதவருக்கு மத்தியஸ்தர் பிழை. நான் மத்தியஸ்தராகவும் இருந்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் நெஞ்செரிச்சலோடுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, கடைசியாக எது கண்ணில் பட்டதோ அதுவே தோல்விக்குக் காரணமாகிவிடும். 1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இத்தாலியின் ரொபர்டோ பாஜியோ பெனால்டியைக் கம்பத்துக்கு மேலால் அடித்ததை உலகம் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு முன்னே பரேசியும் மேலால்தான் அடித்தார். மசாரோவின் அடி தடுக்கப்பட்டது. பாஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் அடி கையில் இருந்தது. ஆனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றவர் பாஜியோ. படம் அவருடையது, பழியும் அவருடையது. 1950இல் உருகுவேயிடம் 2-1 என்று தோற்ற பிரேசில் அணியின் காப்பாளர் பார்போசாவின் கதை இன்னும் மோசம். அவர் 2000ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்த ஒரு கோலைச் சுமந்தார். தன் நாட்டில் ஆகக்கூடிய தண்டனையே முப்பது வருடந்தான், தனக்கு மட்டும் ஐம்பது வருடம் என்று மனம் நொந்து சொன்னார்.

உதைபந்தாட்டத்தில் இது ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது? கிரிக்கெட்டை எடுங்கள். முந்நூறு ஓட்டம் அடிக்கிற மட்ச்சில் ஒருவர் ஒரு நாலைக் கோட்டைவிட்டால் அது கூட்டத்தோடு கரைந்துபோகும். கட்டாரில் 64 மட்ச்சில் விழுந்த கோல் மொத்தம் 172. ஒரு மட்ச்சுக்கு மூன்று கூட வராது. இவ்வளவு குறைவாகக் கோல் விழுகிற ஆட்டத்தில், நன்றாக ஆடியவன் தோற்பதற்கு ஒரு காற்று, ஒரு கல், ஒரு கால் போதும்.

காற்று என்றேன். இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2003, போர் நின்றிருந்த சமாதான காலம். பல வருடத்துக்குப் பிறகு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை அணிகள் கிழக்கே கடல் பக்கம் உள்ள எங்கள் எழுவான்கரைக்கு வந்து ஆடத் தொடங்கியிருந்தன. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அப்போது பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் பாதை என்பது சாலையை இல்லை, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. ஆடி மாதம் எங்கள் ஊரில் ஒரு சுற்றுப்போட்டி. இறுதிக்கு நாங்களும் படுவான்கரை அணி ஒன்றும் வந்தோம். எங்கள் அணிக்குப் பொறுப்பு நான்.

எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கும். ஒரு கோல் கடல் பக்கம், மற்றது ஆற்றுப் பக்கம், அதாவது வாவிப் பக்கம். ஆடியில் கச்சான் காற்று எப்படி வீசும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து சூட்டையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். ஆனால் பின்னேரமானால் பல நாட்களில் அது விழுந்து, கடல்காற்று எழும்பும். நான் கணக்குப் போட்டேன். முதல் பாதியில் ஆற்றுப் பக்கக் கோலில் நின்றால் கச்சான் எங்கள் முதுகில். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்போது கடல்காற்று எழும்பியிருக்கும். அதுவும் எங்கள் முதுகில். இரண்டு பாதியும் காற்று நமக்கே! டொஸ் வென்றால் ஆற்றுப் பக்கக் கோலைக் கேள் என்று தலைவனிடம் சொல்லி அனுப்பினேன். வென்றான், கேட்டான்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடல்தொழிலாளி பீடி குடித்துக்கொண்டு நின்றார். அன்று விடியக் கடலுக்குப் போய் வந்தவர். என் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, "சேர், இண்டைக்குக் கச்சான் விழாது. விளக்கு வைக்கிற நேரம் மட்டும் நிக்கும்" என்றார். நான் சிரித்தேன். நான் உடற்கல்வி டிப்ளோமா படித்தவன் அல்லவா.

முதல் பாதியில் காற்று எங்களுக்குத்தான். அதுவே வினையானது. நீளமாக அடித்த பந்தெல்லாம் எங்கள் முன்வரிசைக்கு எட்டாமல் பறந்து கடற்கரை மணலில் போய் விழுந்தது. பந்தை எடுத்து வரவே நேரம் போனது. தரையோடு கொடுத்து ஆடுங்கள் என்று நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. இரண்டாம் பாதி. கச்சான் விழவில்லை. எங்கள் காப்பாளர் உதைத்த பந்து மைதானத்தின் நடுவைக்கூடத் தாண்டாமல் மேலே எழுந்து, நின்று, திரும்பி வந்தது. அவருக்குப் பதினெட்டு வயது. அரை மணித்தியாலம் தனி ஒருவராகத் தாங்கினார். முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கோனர். பந்து உயர வந்தது. தம்பி சரியான நேரத்தில், சரியான இடத்துக்குத்தான் ஏறினார். கையை மூடிக் குத்தப் போனபோது பந்து ஆகாயத்தில் வைத்து வளைந்தது. அவர் விரலுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண். தூரக் கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே விழுந்தது. 1-0. அவ்வளவுதான்.

அடுத்த மூன்று கிழமை சலூனில் என்னென்ன கேட்டேன்! கடைசிப் பாதை போய்விடும் என்று மத்தியஸ்தர் இரண்டு நிமிடம் முன்னமே ஊதிவிட்டார். முன்வரிசைப் பொடியன் மத்தியானம் கல்யாண வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவன். புதுச் சட்டையின் நிறம் ராசியில்லை. இவையெல்லாம் பக்கவாத்தியம். பெரிய மேளம் ஒன்றுதான்: கீப்பர். ஓட்டைக் கை என்று பேர் வைத்தார்கள். கையில் எண்ணெய் பூசினவன் என்றார்கள். காசு வாங்கிவிட்டான் என்று ஒருவர் சொன்னபோது மட்டும் நாலு பேர் அதட்டினார்கள்.

டொஸ்ஸைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. காற்றைப் பற்றி ஒருவர்கூட. அந்தப் பீடிக்காரரும் சலூனுக்கு வருகிற ஆள் இல்லை. நான் கழுத்தில் துணி கட்டி, கன்னத்தில் சவர்க்கார நுரையோடு இருந்தேன். "நீங்க என்ன சொல்றீங்க சேர்?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் நுரை போய்விடும் என்பதுபோல் கையை மட்டும் அசைத்தேன்.

அடுத்த வருடம் அந்தத் தம்பி கையுறையைத் திருப்பிக் கொடுத்தார். படிப்பு இருக்கிறது சேர் என்றார். அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. சலூன் இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. மட்ச்சைப் பற்றிப் பேச யாருக்கு மனம்? பிறகு அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். இப்போதும் அங்கேதான்.

பிரேசில் தோற்ற அந்தக் குளிர் இரவில், மட்ச் முடிந்து கொஞ்ச நேரத்தில், எனக்கு ஒரு வட்ஸ்அப் அழைப்பு. அவர்தான். எப்படி இருக்கிறீர்கள் சேர், அங்கே மழையா என்றெல்லாம் கேட்டார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஊரில மார்கினியோச நல்லாப் பேசுறானுகளா சேர்?" என்றார். ஓம் என்றேன். "அது அவன்ட கால்ல பட்டுத்தானே திரும்பினது, அவன் என்ன செய்யிற" என்றார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். குளிராகக் கிடக்கிறது தம்பி, நாளைக்குப் பேசுவோம் என்று வைத்துவிட்டேன்.

இந்த நிகழ்ச்சியைக் கைத்தொலைபேசியில் கட்டாரிலும் கேட்கலாம் என்று நிலையத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். இந்த நேரத்தில் பேச வருகிறேன் என்று நேற்றே அவருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். எதைப் பற்றி என்று எழுதவில்லை.

தம்பி, அந்தக் கோலில் நின்றது நீ. உன்னை அதில் நிறுத்தியது நான். கச்சான் விழாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வணக்கம்.