பாட வீடியோவைப் பின்னாலிருந்து ஓட்டி நோட்ஸ் எடுப்போம்

[திரை: தேயிலைச் சரிவு, லயத்து வாசல், ஒரு போனைச் சுற்றி மூன்று பிள்ளைகள்]

குரல்: இலங்கையின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரப் பாட வீடியோ. மலையகத்து அட்டன் டவுனில் டவுன்லோட் செய்துவிடலாம். தோட்டத்துக்குள் போனால் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. வீட்டில் இருக்கிற ஒரே போனை எத்தனை பேர் பார்ப்பது? ஸ்லைட்களைத் தாளில் எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் படிக்கலாம். பாடம் நடத்தியவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

[திரை: கட்டளைகளைத் தட்டும் கறுப்பு டேர்மினல்]

வீடியோவைக் கட்டளை மூலம் கையாளும் எப்எப்எம்பெக் என்ற இலவசக் கருவிதான் முக்கியமான வேலையைச் செய்யும். வினாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு மணிக்கு 90,000 படம் இருக்கும். அதில் நமக்கு வேண்டியது நாற்பதோ ஐம்பதோ. காட்சி மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டிய பிரேமை மட்டும் பொறுக்கும் செலெக்ட் என்ற பில்டரைப் பலரும் போடுவார்கள். அது மாற்றம் நடந்த உடனே வரும் பிரேமைத்தான் எடுக்கும். அந்த நேரம் ஸ்லைட்டில் தலைப்பு மட்டும்தான் இருக்கும். வரிகள் ஒவ்வொன்றாகப் பிறகுதான் வரும். அச்சடித்துப் பார்த்தால் பாதித் தாள் வெறுமை.

ஆகவே வீடியோவைத் திருப்பி ஓட்டுங்கள். பின்னாலிருந்து வரும்போது, மாற்றத்துக்குப் பிறகு கிடைக்கும் முதல் பிரேம் அந்த ஸ்லைட்டின் கடைசி நிலை. எல்லா வரியும் அதில் இருக்கும்.

[திரை: முழுக் கட்டளை, சொல்லும் பகுதி ஒவ்வொன்றாக மஞ்சளாகும்]

முதலில் எப்பிஎஸ் 1/5, அதாவது 5 வினாடிக்கு ஒரு படம். அடுத்து, திருப்பி ஓட்டும் ரிவர்ஸ். கடைசியில் செலெக்ட். இந்த வரிசை மாறக்கூடாது, ஏனென்றால் ரிவர்ஸ் எல்லாப் படத்தையும் நினைவகத்தில் தூக்கி வைத்துக்கொள்ளும். 1280க்கு 720 அளவில் ஒரு மணி நேரத்துக்கு 720 படம், கிட்டத்தட்ட 1 ஜிபி. எப்பிஎஸ் போடாமல் 90,000 படத்தையும் திருப்பச் சொன்னால் 4 ஜிபி ரெம் உள்ள மடிக்கணினி அப்படியே உறைந்துவிடும். இன்னொரு நன்மை: மெல்ல மங்கி மாறும் ஸ்லைட்கூட 5 வினாடி இடைவெளியில் தெளிவான மாற்றமாகத் தெரியும்.

எவ்வளவு வித்தியாசத்தை மாற்றமாக எடுக்க வேண்டும் என்று செலெக்டுக்குச் சொல்லும் அளவை 0.03இல் தொடங்குங்கள். சினிமாக் காட்சிகளுக்குப் போடும் 0.3, 0.4 இங்கே உதவாது. வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் மாறினால் வித்தியாசம் அவ்வளவு சிறியது. ஒரே ஸ்லைட் பல முறை வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், விடுபட்டால் குறையுங்கள். முதல் பிரேமையும் எடுக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாடத்தின் கடைசி ஸ்லைட் காணாமல் போகும். 10 வினாடிகூட நிற்காத ஸ்லைட் இருந்தால், அடுத்தடுத்து இரண்டு மாற்றம் வந்து, இரண்டாவது மாற்றத்தின் அளவு குறைவாகக் கணக்காகி அது விடுபடலாம். அப்படிப்பட்ட இடங்களைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த படத்தை மட்டும் எழுதச் சொல்லும் எப்பிஎஸ்-மோட் விஎப்ஆர் என்பதையும் மறக்கக்கூடாது. விட்டால் இடைவெளியை நிரப்ப ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எழுதி, போல்டரில் எழுநூறு பைல் குவியும். 5.1க்கு முந்திய பதிப்பில் இதற்கு வீசிங்க் என்று பெயர்.

[திரை: மூலையில் ஆசிரியர் முகம் அசையும் வீடியோ]

முகம் அசைந்தாலும் கருவிக்கு அது மாற்றம்தான். முகம் வலப்பக்கப் பட்டையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் க்ரொப் 960:720:0:0 போட்டு வெட்டிவிடுங்கள். கறுப்புப் பலகைப் பின்னணி என்றால் நிறத்தைத் தலைகீழாக்கும் நெகேட் சேர்த்தால் வெள்ளையாகும், மை மிச்சம்.

[திரை: படங்கள் பிடிஎப் ஆகின்றன]

இனி ஐஎம்ஜி2பிடிஎப் என்ற கருவி, படத்தின் தரத்தைக் கெடுக்காமல் பிடிஎப்பில் வைக்கும். திருப்பி ஓட்டியதால் 0001 என்ற பைல் கடைசிப் பக்கம். பெயர்களைத் தலைகீழ் வரிசையில் கொடுங்கள். பைல் எண்ணை நான்கு இலக்கமாக வைத்தால்தான் 10 போய் 2க்கு முன்னால் நிற்காது.

எழுத்தைத் தேட வேண்டுமானால், படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் ஓசிஆர்-மை-பிடிஎப் என்ற கருவி. மொழியில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கிடையாக வைத்த ஏ4 தாளின் அகலத்தில் 1280 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 110தான் வரும், ஓவர்சாம்பிள் 300 என்று உயர்த்துங்கள். கையெழுத்தை இது வாசிக்காது. 360 தரத்தில் இறக்கிய வீடியோவில் சுழிகளும் புள்ளிகளும் கரைந்துபோய்விடும். டேட்டா கூடச் செலவானாலும் 720இல் இறக்குங்கள்.

போட்டோ கொப்பிக் கடைக்குப் போகுமுன் ஒரு பக்கத்தை மட்டும் அடித்து, ஏ4 தாளில் இரண்டு ஸ்லைட் வைத்தாலும் சமன்பாட்டில் உள்ள அடுக்குக்குறிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தாளுக்கு ஒன்று.