ஒரு துப்பாக்கிக்கு நான்கு பேர்: லைபீரியாவில் கணக்கு எங்கே பிசகியது?

[திரையில் மூன்று எண்கள்: 38,000 – 1,03,000 – 28,000]

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 2003-ல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. ஆயுதம் ஏந்தியவர்கள் 38,000 பேர் இருக்கலாம் என்று ஐ.நா. மதிப்பிட்டது. ஓராண்டு கழித்துப் பதிவேட்டை மூடியபோது அதில் 1,03,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. கைக்கு வந்த துப்பாக்கிகள் சுமார் 28,000. ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒன்று.

போர் முடிந்த நாடுகளில் நடக்கும் இந்த வேலையை டி.டி.ஆர். என்பார்கள். ஆயுதத்தை வாங்குவது, படையணியைக் கலைப்பது, ஆட்களைச் சமூகத்தோடு மீண்டும் சேர்ப்பது. சொல்லும்போது மூன்றே படிதான். ஆனால் யாரை உள்ளே விடுவது, பணத்தை எந்த நாளில் கொடுப்பது, ஆயுதப் பெட்டியின் சாவி யாரிடம் இருப்பது என்ற சின்னச் சின்ன முடிவுகளில்தான் அது நிற்கிறது, அல்லது விழுகிறது.

[வரைபடம்: லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியா, அதன் அருகே ஷிஃபெலின் முகாம்]

2003 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் சார்லஸ் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 18 அன்று, கானாவின் தலைநகர் அக்ராவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. டெய்லரின் படை, அதை எதிர்த்த கிளர்ச்சிக் குழுக்களான லர்ட் (LURD), மாடல் (MODEL) என மூன்று தரப்பும் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். 15,000 வீரர்கள் கொண்ட அமைதிப் படைக்கு ஐ.நா. பாதுகாப்பு அவை ஒப்புதல் தந்தது. ஆனால் டிசம்பர் 7 அன்று ஷிஃபெலினில் முதல் முகாமைத் திறந்தபோது அவர்களில் பாதிப் பேர்கூட நாட்டுக்குள் வந்து சேரவில்லை.

முகாமில் ஏற்பாடு இருந்தது ஆயிரம் பேருக்கு. வந்ததோ பல ஆயிரம். வந்தவர்களுக்குத் தெரிந்த செய்தி ஒன்றுதான்: துப்பாக்கியைக் கொடுத்தால் 300 டாலர். அந்தத் தொகை இரண்டு தவணை என்பதோ, முதல் 150 டாலர் முகாமில் தங்கி முடித்த பிறகுதான் என்பதோ பலருக்குப் போய்ச் சேரவில்லை. கலவரம் வெடித்து மன்ரோவியா வரை பரவியது, உயிர்கள் போயின. கூட்டத்தை அடக்க, ஆயுதம் கொடுத்த கையோடு 75 டாலர் தருவதாக அறிவித்தார்கள்.

அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அது மோசமான முடிவு. கூச்சல் போட்டால் பணம் வரும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பத்தே நாளில் 12,000 பேருக்கு மேல் பதிவாகி, டிசம்பர் 17 அன்று எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மீண்டும் தொடங்கியது 2004 ஏப்ரல் 15-ல். இந்த முறை படை போதுமான அளவு வந்திருந்தது, ஒன்றுக்குப் பதில் நான்கு இடங்களில் முகாம்கள் அடுத்தடுத்துத் திறந்தன.

[திரையில்: ஒரு துப்பாக்கி அல்லது 150 தோட்டாக்கள்]

அடுத்த ஓட்டை, நுழைவு விதியில். துப்பாக்கி இல்லாவிட்டால் 150 தோட்டாக்கள் கொண்டுவந்தாலும் போதும். தோட்டாக்களையும் ஊரிலிருந்து அகற்ற வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் தோட்டாவைப் பிரித்துக் கொடுக்கலாமே! 1,500 தோட்டா வைத்திருக்கும் ஒரு தளபதி பத்துப் பேரைப் 'போராளி' ஆக்கிவிடலாம். பட்டியலைத் தருவதும் அதே தளபதிதான். சண்டையையே பார்க்காத பையன் வரிசையில் நிற்பான், கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு தளபதிக்கு. தன் சொந்தத் துப்பாக்கியைத் தளபதியிடம் இழந்த உண்மையான போராளி வெளியே நிற்பான்.

அதற்காக நான்குக்கு ஒன்று என்பதை முழுக்க முழுக்க மோசடி என்று சொல்லிவிட முடியாது. பதிவானவர்களில் சுமார் 22,000 பெண்கள், 11,000 சிறார்கள். சுமை தூக்க, சமைக்க, இன்னும் கொடிய காரியங்களுக்காகக் கடத்தப்பட்டவர்கள் இவர்களில் பலர். துப்பாக்கி இல்லாமலே இவர்களைச் சேர்க்கலாம் என்ற விதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பக்கத்து நாடான சியரா லியோனில் முன்பு அப்படிச் செய்யாததால் ஏராளமான சிறுமிகள் விடுபட்டுப் போனார்கள்.

[வரைபடம்: நேபாளம், ஏழு முதன்மை முகாம்கள்]

நேபாளத்தில் வேறு வழி பிடித்தார்கள். அரசும் மாவோயிஸ்டுக் கிளர்ச்சியாளர்களும் செய்துகொண்ட 2006 நவம்பர் ஒப்பந்தப்படி மாவோயிஸ்டுப் படை ஏழு முதன்மை முகாம்களுக்கும் 21 துணை முகாம்களுக்கும் வந்தது. ஆயுதத்தை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இரும்புக் கண்டெய்னரில் வைத்துப் பூட்டி, சாவியை மாவோயிஸ்டுகளே வைத்துக்கொண்டார்கள். ஐ.நா. ஒவ்வொன்றையும் பதிவு செய்து, கேமராவும் சைரனும் பொருத்திக் கண்காணித்தது. நேபாள ராணுவமும் அதே எண்ணிக்கையில் தன் ஆயுதங்களைப் பூட்டி வைத்தது. தோற்றுச் சரணடைகிறோம் என்ற அவமானம் யாருக்கும் இல்லை. லைபீரியாவில் கிடைக்காத நிதானம் இங்கே கிடைத்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

ஆள் சரிபார்ப்பும் தனித்தனி நேர்காணலில் நடந்தது. முதல் பதிவில் 32,000-க்கு மேல் இருந்த பெயர்கள் 19,602 ஆகக் குறைந்தன. பதிவான ஆயுதம் 3,475.

குறை இல்லாமல் இல்லை. சில மாதங்களுக்கென்று போட்ட முகாம்கள் 2012 வரை நீண்டன. ராணுவத்தில் 6,500 பேர் வரை சேர்க்கலாம் என்று 2011 நவம்பரில் கட்சிகள் ஒப்புக்கொண்டன. கடைசியில் சேர்ந்தது சுமார் 1,400 பேர். பெரும்பாலோர் பதவிக்கேற்ப 5 முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். சரிபார்ப்பில் சிறார் என்றும், காலம் கடந்து சேர்ந்தவர் என்றும் தகுதி நீக்கப்பட்ட 4,008 பேருக்கு அந்தத் தொகை இல்லை. அவர்களின் மனக்குறை இன்றும் தீரவில்லை.

[திரையில்: ரப்பர் தோட்டம்]

லைபீரியாவுக்குத் திரும்பினால், மூன்றாவது படி, அதாவது ஆட்களைச் சமூகத்தோடு சேர்ப்பதுதான் எல்லாவற்றையும்விட இழுத்தது. 38,000 பேருக்கென்று போட்ட திட்டத்தில் தொழிற்பயிற்சிக்கும் படிப்புக்கும் ஒரு லட்சம் பேர் நின்றார்கள். பதிவுக்கும் பயிற்சிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. 300 டாலர் அதற்குள் தீர்ந்துவிடும். அதே நேரத்தில் எல்லைக்கு அப்பால் ஐவரி கோஸ்ட்டில் ஆயுதம் ஒப்படைத்தால் சுமார் 900 டாலர் என்ற பேச்சு அடிபட்டது. துப்பாக்கி அந்தப் பக்கம் நகரும் என்று அஞ்சியதில் வியப்பில்லை. அண்டை நாடுகள் தொகையைக் கலந்து பேசி நிர்ணயிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வேலை கிடைக்காத முன்னாள் போராளிகள் லைபீரியாவின் கத்ரி ரப்பர் தோட்டத்தைப் பிடித்து, பால் வடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பழைய தளபதிகளே அங்கே மேஸ்திரிகள். படையணி காகிதத்தில்தான் கலைந்திருந்தது. அரசும் ஐ.நா.வும் அந்தத் தோட்டத்தைத் திரும்ப எடுத்தது 2006 ஆகஸ்டில், ஆயுதக் களைவு முடிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து.